தேர்ச்சி விழுக்காடும் சிற்றூர் அரசு உயர்நிலைப்பள்ளியும்: சென்னை மேற்குப் புறநகரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகளின் தரம் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய நகரங்களை ஒட்டியும் அவற்றுக்கு மேற்கே திருவள்ளூர் வரையிலும் அமைந்துள்ள சிற்றூர்களின் அரசு உயர்நிலைப்பள்ளிகளுக்கு இவ்வளவை பொருந்துமா என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பள்ளி சிறிதாக இருப்பது அதன் குறையன்று, நடக்கும் தொலைவில் பள்ளி வேண்டும் என்ற நூற்றாண்டுக் கோரிக்கையின் விளைவு என்பதும், அச்சிறுமையே விழுக்காட்டை நம்பத்தகாததாக்குகிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அரசு உயர்நிலைப்பள்ளி, தேர்ச்சி விழுக்காடு, பள்ளிச் சீரமைப்பு இயக்கம், கடம்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டம், புறநகர்மயமாதல்.

1. முன்னுரை

2024ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை 8,94,264 மாணவர்கள் எழுதினர். அவர்களுள் 8,18,743 பேர் தேர்ச்சி பெற்றனர். மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு. அரசுப் பள்ளிகளின் தேர்ச்சி 87.90 விழுக்காடாகவும் தனியார் பள்ளிகளின் தேர்ச்சி 97.43 விழுக்காடாகவும் அறிவிக்கப்பட்டன. அதே முடிவுகளில் 1,364 அரசுப் பள்ளிகள் முழுத் தேர்ச்சி பெற்றதாகவும் அறிவிப்பு வெளிவந்தது. முழுத் தேர்ச்சி பெற்ற பள்ளி பாராட்டப்படுவதும், விழுக்காடு சரிந்த பள்ளியின் தலைமையாசிரியர் மீளாய்வுக் கூட்டத்தில் விளக்கம் அளிக்க நேர்வதும் ஆண்டுதோறும் நிகழும் வழக்கங்கள்.

பள்ளி எத்தனை பெரியது என்ற கேள்வி இவ்வழக்கத்தில் எழுவதில்லை. நானூறு பேர் தேர்வெழுதும் நகர மேல்நிலைப்பள்ளியும் இருபது பேர் தேர்வெழுதும் சிற்றூர் உயர்நிலைப்பள்ளியும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. இப்பட்டியல் எதை அளக்கிறது, எதை அளக்கத் தவறுகிறது என்பதை அறிய, சிற்றூர் உயர்நிலைப்பள்ளி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு சிறுத்தது என்னும் இரண்டையும் சேர்த்துக் காண வேண்டியுள்ளது. சென்னையின் மேற்குப் புறநகர் இதற்கு ஏற்ற களம். உழவு, தொழிற்சாலை, நகர விரிவு ஆகிய மூன்றும் எழுபது ஆண்டுக்குள் இங்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

2. குடியேற்றக் காலப் பின்புலம்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காட்டியது. இவற்றுள் பெரும்பாலானவை ஊரார் ஆதரவில் நடந்த திண்ணைப் பள்ளிகள். இவற்றில் பொதுத்தேர்வு என்பதே இல்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் மெட்ரிகுலேஷன் தேர்வு உயர்நிலைப்பள்ளியின் இலக்காயிற்று. பள்ளியின் வெளியே ஒருவர் வினாத்தாள் அமைத்து, வெளியே ஒருவர் திருத்தி, அதன் முடிவைக் கொண்டு பள்ளியை எடைபோடும் முறை இவ்வாறுதான் இங்கு வேரூன்றியது.

1911இல் மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாகப் பள்ளி இறுதிச் சான்றிதழ் முறை, அதாவது எஸ்.எஸ்.எல்.சி., நடைமுறைக்கு வந்தது. மாணவரின் பள்ளிப் பதிவுகளையும் பொதுத்தேர்வு மதிப்பெண்களையும் ஒரே சான்றிதழ் ஏட்டில் காட்டுவது இதன் தனித்தன்மை. ஒரு நாள் தேர்வு மட்டுமே ஒருவரின் கல்வியைத் தீர்மானிக்கலாகாது என்ற எண்ணம் அம்முறையின் அமைப்பிலேயே இருந்தது. நடைமுறையில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே மேலோங்கியது.

அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய டிரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு, இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலமின்மையையும் கல்வியின்மையையும் அரசின் பார்வைக்குக் கொண்டுவந்தது. பஞ்சமி நில வரலாற்றில் அடிக்கடி சுட்டப்படும் இக்குறிப்புக்குக் கல்வி வரலாற்றிலும் இடமுண்டு. 1893இல் அரசு பிறப்பித்த பஞ்சமர் கல்வி ஆணை அக்காலச் சூழலில் எழுந்ததே. ஊர்ப் பள்ளி ஊர்த்தெருவில் இருந்தது. சேரிக் குழந்தைகள் அங்குச் செல்ல இயலவில்லை. பள்ளிக்கும் குழந்தைக்கும் இடையிலான தொலைவு மைல் கணக்கில் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதை இம்மாவட்டம் தொடக்கத்திலேயே உணர்த்தியது.

3. கடம்பத்தூர் 1958: பள்ளி ஊருக்கு வந்த காலம்

அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது வரையிலான குழந்தைகள் அனைவருக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், இராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டத்தை அடுத்த மாதமே விலக்கிக்கொண்டார். 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அறிவிப்பு ஆவடியில் பிறந்தது. அதற்குக் கல்வித் துறையில் உருவம் கொடுத்த முயற்சிகளுள் ஒன்று அதே இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கு மேற்கே உள்ள கடம்பத்தூரில் தொடங்கிற்று.

பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு செங்கல்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். சிற்றூர்ப் பள்ளிகளின் வறுமையை அவர் நேரில் அறிந்திருந்தார். அரசு நிதி மட்டும் போதாது என்ற நிலையில், ஊராரைக் கூட்டிப் பள்ளியின் தேவைகளைப் பட்டியலிட்டு, அவரவர் இயன்றதை வழங்கச் செய்யும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை அவர் முன்னெடுத்தார். அவ்வரிசையின் முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில் நடைபெற்றது. நிலம், கட்டடம், கிணறு, இருக்கை, கரும்பலகை, நிலப்படம், மதிய உணவுத் தட்டு எனப் பொருளாகவும் பணமாகவும் கொடை வந்தது. கடம்பத்தூர் முன்மாதிரி பின்னர் மாகாணமெங்கும் பின்பற்றப்பட்டது.

இவ்வியக்கத்தின் வரலாற்றுப் பொருளை இரண்டு நிலைகளில் காணலாம். முதலாவது, பள்ளி என்பது அரசு அலுவலகங்களுள் ஒன்று என்ற நிலை மாறி, ஊர்ப் பொதுச்சொத்து என்ற உணர்வு உருவாயிற்று. இரண்டாவது, பள்ளியின் தேவை என்ன என்ற கேள்வியே அங்கு மதிப்பீடாக அமைந்தது. எத்தனை பேர் தேறினர் என்பதற்கு முன், எத்தனை குழந்தைகள் தரையில் அமர்கின்றனர், எத்தனை பேர் பசியோடு வருகின்றனர் என்பவை கணக்கிடப்பட்டன. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் அக்கணக்கின் பகுதியே. 2022 திசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம், அறிந்தோ அறியாமலோ, கடம்பத்தூர் வழியை மீண்டும் எடுத்துக்கொண்டுள்ளது.

இதே காலத்தில் இடைநிலைக் கல்வி குறித்தும் எச்சரிக்கை ஒலித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53இல் இயங்கிய இடைநிலைக் கல்விக் குழு, வெளித்தேர்வுகளின் ஆதிக்கம் கற்பித்தலைச் சுருக்குகிறது என்று சுட்டி, பள்ளிப் பதிவேடுகளுக்கும் அக மதிப்பீட்டுக்கும் உரிய இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1911ஆம் ஆண்டுச் சான்றிதழ் ஏட்டின் உள்ளெண்ணமே இங்கு வேறு சொற்களில் வெளிப்பட்டது எனலாம்.

4. தொழிற்பேட்டையும் சான்றிதழும்

1960களில் இப்பகுதியின் முகம் மாறியது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965 திசம்பரில் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 முதலே இயங்கிவந்தது. சுற்றியிருந்த ஊர்களின் உழவர், உழவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ‘பத்து படித்தால் கம்பெனி வேலை’ என்பது கண்முன் தெரிந்த வாழ்க்கைப் பாதையாயிற்று. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கும் தொழில் பழகுநராவதற்கும் பள்ளி இறுதிச் சான்றிதழ் திறவுகோலாக இருந்தது. இன்றும் தொழிற்பயிற்சிப் பிரிவுகள் பலவற்றுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி.

ஆகவே பொதுத்தேர்வில் தோல்வி என்பது இப்பகுதியில் வெறும் கல்வி நிகழ்வன்று. தேறியவர் தொழிற்பேட்டையில் நிலையான பணிக்குரிய வரிசையில் நின்றார்; தேறாதவர் அதே தொழிற்பேட்டையில் தினக்கூலியானார். விழுக்காட்டை மறுக்கும் எவரும் இவ்வுண்மையை மறந்துவிடலாகாது. ஒரு மாணவருக்குத் தேர்ச்சி இன்றியமையாதது. பள்ளியை அளக்க அதே தேர்ச்சியின் விழுக்காடு போதுமா என்பதுதான் இங்குள்ள சிக்கல்.

5. பள்ளி சிறுத்த வரலாறு

1978இல் தமிழ்நாட்டில் பத்தாண்டுப் பள்ளிக் கல்வியும் ஈராண்டு மேல்நிலைக் கல்வியும் கொண்ட அமைப்பு நடைமுறைக்கு வந்தது. பதினோராண்டு எஸ்.எஸ்.எல்.சி. வரை கொண்டிருந்த உயர்நிலைப்பள்ளிகளுள் வசதி மிக்கவை மேல்நிலைப்பள்ளிகளாயின. எஞ்சியவை பத்தாம் வகுப்போடு நின்றன. இவ்வாறு ‘உயர்நிலைப்பள்ளி’ என்னும் பெயர் இடைப்படி நிறுவனம் ஒன்றைக் குறிப்பதாயிற்று. பெற்றோர் பார்வையில் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி முழுமையானது. பத்தோடு நிற்பது அரைகுறை.

அதே காலக்கட்டத்தில் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகப் பொறுப்பிலிருந்து தனி வாரியத்தின்கீழ் வந்தன. தொழிற்சாலைப் பணியாளர்களின் குடியிருப்புகள் பெருகிய அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி ஆகிய இடங்களில் ஆங்கில வழித் தனியார் பள்ளிகள் பெருகின. மாத ஊதியமும் வாகன வசதியும் பெற்ற சிற்றூர்க் குடும்பங்கள் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பின. பள்ளி வேன் ஊருக்குள் வந்து நிற்கத் தொடங்கிய நாளே ஊர்ப் பள்ளியின் வருகைப் பதிவேடு இளைக்கத் தொடங்கிய நாள் எனக் கூறலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு விசை இயங்கியது. பெண் குழந்தைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடாமலிருக்க, நடுநிலைப்பள்ளிகளைத் தரம் உயர்த்த வேண்டும் எனக் கோரிக்கைகள் எழுந்தன. 2009இல் நடுவண் அரசு தொடங்கிய அனைவருக்கும் இடைநிலைக் கல்வித் திட்டம், ஐந்து கிலோமீட்டருக்குள் உயர்நிலைப்பள்ளி என்னும் நெறியை வகுத்தது. ஆகவே பள்ளிகளின் எண்ணிக்கை கூடியபோதே ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. சிற்றூர்ப் பள்ளி சிறிதானது நடக்கும் தொலைவில் கல்வி என்ற சமூகநீதிக் கோரிக்கையின் வெற்றியாலும், வசதியுள்ளோர் வெளியேறியதாலும் ஆகும். இவ்விரண்டில் எதற்கும் அப்பள்ளியின் ஆசிரியரோ மாணவரோ பொறுப்பாளர் அல்லர்.

6. சிறிய எண்ணின் கணக்கு

இருபது மாணவர் தேர்வெழுதும் பள்ளியில் ஒருவர் தோற்றால் தேர்ச்சி ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள் குறையும். நானூறு பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தோற்றால் கால் புள்ளி குறையும். இந்த எளிய வேறுபாட்டின் விளைவு பெரிது.

எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு மாணவரும் தேறும் வாய்ப்பு 88 விழுக்காடு எனக் கொள்வோம். 2024ஆம் ஆண்டின் அரசுப் பள்ளிச் சராசரியும் ஏறத்தாழ இதுவே. ஒருவர் முடிவு மற்றவர் முடிவைச் சாராதது எனவும் கொள்வோம். முற்றிலும் ஒரே தரமுடைய, இருபது மாணவர் கொண்ட நூறு பள்ளிகளை எடுத்துக்கொண்டால், நிகழ்தகவுக் கணக்கின்படி அவற்றுள் ஏறத்தாழ எட்டுப் பள்ளிகள் முழுத் தேர்ச்சி பெறும். ஏறத்தாழ வேறு எட்டுப் பள்ளிகள் 75 விழுக்காட்டிலோ அதற்குக் கீழோ நிற்கும். முன்னவை பாராட்டுப் பெறும். பின்னவை விளக்கம் கேட்கப்பெறும். இரு தொகுதிகளுக்கும் இடையே தரத்தில் எள்ளளவும் வேறுபாடு இல்லை என்பதே நம் எடுகோள். இருநூறு மாணவர் கொண்ட பள்ளிகளில் இதே கணக்கைச் செய்தால் முழுத் தேர்ச்சியும், 75 விழுக்காட்டுக்குச் சரிவதும் இரண்டுமே நிகழவியலாதவை என்னுமளவுக்கு அரிதாகும்.

இச்சிக்கல் பிற நாடுகளிலும் உணரப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் சிறிய உயர்நிலைப்பள்ளிகளே சிறந்தவை என்ற கருத்து வலுப்பெற்று, கேட்ஸ் அறக்கட்டளை அவற்றுக்குப் பெருந்தொகை வழங்கியது. புள்ளியியலாளர் ஹோவார்ட் வெய்னர் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பென்சில்வேனியா மாநிலத் தேர்வு முடிவுகளைக் கொண்டு, பட்டியலின் உச்சியில் மட்டுமன்றி அடியிலும் சிறிய பள்ளிகளே மிகுந்திருப்பதைக் காட்டினார். அங்கு உச்சியை மட்டும் பார்த்துச் சிறிய பள்ளிகள் போற்றப்பட்டன. இங்கு அடியை மட்டும் பார்த்து அவை தூற்றப்படும் இடர் உள்ளது. பிழை இரண்டிலும் ஒன்றே.

7. விழுக்காட்டுக்குள் அடங்காத இடர்ப்பாடுகள்

மேற்கண்ட கணக்கு, எல்லா மாணவரும் ஒரே வாய்ப்புடையவர் என்ற எடுகோளில் அமைந்தது. மெய்ந்நிலை அத்தகையதன்று. சிற்றூர் உயர்நிலைப்பள்ளியின் இடர்ப்பாடுகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

முதலாவது ஆசிரியர் பணியிடம். சிறிய பள்ளியில் பாடத்துக்கு ஒருவர் என்ற அளவிலேயே பட்டதாரி ஆசிரியர் அமைவது பொதுநிலை. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் நான்கையும் அறிவியல் ஆசிரியர் ஒருவரே கற்பிக்கிறார். அவர் மாறுதலில் சென்றாலோ நீண்ட விடுப்பில் இருந்தாலோ ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகளுக்கும் அறிவியல் நின்றுபோகிறது. பெரிய பள்ளியில் அதே காலியிடத்தை உடன் பணியாற்றும் ஆசிரியர் பகிர்ந்துகொள்ள இயலும். தேர்வில் ஐந்து பாடங்களிலும் தனித்தனியே 35 மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்பதால், ஒரு பாடத்தின் காலியிடம் மாணவரின் முழு முடிவையும் பாதிக்கிறது.

இரண்டாவது மாணவரின் சமூகப் பின்புலம். வசதியுள்ளோர் வெளியேறிய பின் ஊர்ப் பள்ளியில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களையும் இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர் குடும்பங்களையும் சேர்ந்தோர். திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் பருவந்தோறும் வருவதும், இருளர் குடும்பங்கள் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டதும் பலரும் அறிந்த செய்திகள். சூளைப் பருவமும் கல்வியாண்டின் பிற்பகுதியும் ஒன்றாக அமைவதால், தேர்வுக்கு முந்தைய மாதங்களே வருகை குறையும் மாதங்களாகின்றன. இருளர் குழந்தைகள் பழங்குடிச் சான்றிதழ் பெறுவதில் நேரும் இடர்ப்பாடு, உதவித்தொகைக்கும் மேற்படிப்புக்கும் தடையாகிறது.

மூன்றாவது, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய தொலைவு. பதினொன்றாம் வகுப்புக்கு மாணவர் ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ திருவள்ளூருக்கோ செல்ல வேண்டும். விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் வழங்கப்படுவதன் பொருள் இங்குத்தான் விளங்கும். ஊருக்குள் முடிந்துவிடும் படிப்பு, தேறிய பிள்ளையையும் அதோடு நிறுத்திவிடும் மனநிலையைப் பெற்றோரிடம், குறிப்பாகப் பெண் குழந்தைகளைப் பொறுத்து, உருவாக்குகிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டதை இப்பின்னணியில் மதிப்பிட வேண்டும்.

இவற்றோடு, அளவை தானே ஓர் இடர்ப்பாட்டை உண்டாக்குகிறது. விழுக்காடு தேர்வெழுதியோரைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தேர்வுக்கு முன்பே நின்றுவிட்டோர் அதில் இடம்பெறுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட இடர்மிகு மாணவர் ஒருவர் பள்ளியின் விழுக்காட்டை உயர்த்துகிறார். அவரைத் தேடிச் சென்று மீட்டு வந்து தேர்வெழுத வைத்த ஆசிரியர் அதைக் குறைக்கும் இடருக்கு உள்ளாகிறார். கடமையைச் செய்தவரைத் தண்டிக்கும் அளவை நெடுநாள் நன்மை பயக்காது.

8. மாற்று அளவைகளுக்கான வாய்ப்பு

மாற்றங்கள் நிகழாமல் இல்லை. 2017இல் மாநில அளவிலான தரவரிசை அறிவிப்பு கைவிடப்பட்டது. முதலிடம் பெற்ற மாணவர் யார் என்ற ஆரவாரம் அடங்கியது. மாணவருக்குக் கிடைத்த இந்த விடுதலை பள்ளிக்கு இன்னும் கிடைக்கவில்லை. 2022 சூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், பத்தாம் வகுப்பில் வெளிப்படும் குறை தொடக்க வகுப்புகளில் விளைந்தது என்பதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

இப்பின்னணியில் மூன்று பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, முப்பதுக்கும் குறைவான மாணவர் தேர்வெழுதும் பள்ளிகளின் முடிவை ஓராண்டு விழுக்காடாக அன்றி ஐந்தாண்டுத் தொகுப்பாகக் காண வேண்டும். இருபது பேர் நூறு பேராகும்போது தற்செயலின் ஆட்டம் பாதிக்கும் மேல் அடங்கிவிடும். இரண்டு, ஆறாம் வகுப்பில் சேர்ந்தோருள் எத்தனை பேர் பத்தாம் வகுப்பை நிறைவு செய்தனர் என்னும் நிறைவு வீதத்தைத் தேர்ச்சியோடு இணைத்து வெளியிட வேண்டும். கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் இருப்பதால் இது இயலக்கூடியதே. மூன்று, முடிவுகளை மீளாயும் கூட்டத்தில் பாடவாரியான ஆசிரியர் காலியிட நாள்களும் முன்வைக்கப்பட வேண்டும். அப்போது விளக்கம் அளிக்கும் பொறுப்பு தலைமையாசிரியரோடு நின்றுவிடாது.

சிறிய பள்ளிகளை இணைத்துவிடலாம் என்ற கருத்தும் நாட்டின் பிற மாநிலங்களில் செயலாகியுள்ளது. கோத்தாரிக் குழு 1964-66இல் இதற்கு வேறொரு வழி காட்டியது. அண்மைப் பள்ளிகளை ஒரு வளாகமாகக் கருதி, ஆய்வகத்தையும் ஆசிரியரையும் பகிர்ந்துகொள்வது அதன் கருத்து. பள்ளியை மூடாமல் அதன் தனிமையைப் போக்கும் இவ்வழி, நெருக்கமாக ஊர்கள் அமைந்த இப்பகுதிக்குப் பொருத்தமானது.

9. முடிவுரை

திண்ணைப் பள்ளியிலிருந்து இன்றைய அரசு உயர்நிலைப்பள்ளி வரையிலான வரலாற்றில், பொதுத்தேர்வே பள்ளியின் அளவுகோலாக நிலைபெற்றது பிற்கால நிகழ்வு. 1911ஆம் ஆண்டின் சான்றிதழ் முறையும் முதலியார் குழுவும் அதன் ஆதிக்கத்தைத் தளர்த்த முயன்றன. 1958இல் கடம்பத்தூரில் கூடிய ஊரார் வேறோர் அளவுகோலைக் கையில் எடுத்தனர்: பள்ளிக்கு என்ன இல்லை என்று முதலில் கேட்டனர், இல்லாததைக் கொண்டுவந்து தந்தனர்.

இன்று அதே மாவட்டப் பகுதியின் சிற்றூர்ப் பள்ளியிடம் எத்தனை பேர் தேறவில்லை என்று மட்டும் கேட்கப்படுகிறது. சிறிய எண்களில் அக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் தற்செயலின் விடை. தேர்ச்சி விழுக்காட்டைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மாணவரின் வாழ்வுக்குத் தேர்ச்சி தேவை. அவ்விழுக்காட்டைப் பள்ளியின் தரமாகக் கொள்ளும் முன், அப்பள்ளியில் தேர்வெழுதியோர் எத்தனை பேர், தேர்வுக்கு முன் நின்றவர் எத்தனை பேர், அவ்வாண்டு எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அருகில் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்பட்டால், பட்டியலின் அடியில் நிற்கும் பள்ளிகளுள் சில, உண்மையில் மிகுந்த உழைப்பைச் செய்த பள்ளிகள் என்பது வெளிப்படும்.